உங்கடை ஆளோ, என்ரை ஆளோ

போன மாதம் என்னை உங்கள் வகுப்புக்குக் கூப்பிட்டு, ஆதி மனித சமூகங்களில் போர் எப்படித் தோன்றியது என்று கதைக்கச் சொன்னீர்கள். ஓய்வு பெற்றவளை யாராவது கூப்பிட்டாலே சந்தோஷம்தான். படங்கள் காட்டி ஒரு மணித்தியாலம் கதைத்தேன். எல்லாம் முடிந்து நான் பையை எடுக்கும்போது கடைசி வாங்கில் இருந்த பிள்ளையொன்று எழுந்து, "மிஸ், அப்ப மனிசர் எப்பத்தான் முதல்முதல் சண்டை பிடிச்சவை?" என்று கேட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். நான் மறுமொழி சொல்லவில்லை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

திருநெல்வேலியில் பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அதே யோசனைதான். குழி எப்படி வெட்டுவது, மண்ணை எப்படி அரிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் பழக்குவார்கள். நான் ஒரேயொரு குழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாசித்து முடித்த பிறகும் அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைக்காது. எனக்குக் கிடைத்திருந்தால் வகுப்பிலேயே சொல்லியிருப்பேன்.

கம்பஸில் படிப்பித்த காலத்தில் இந்தப் பாடம் வரும்போது கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவேன். ஒரு பக்கத்தில், வேட்டையாடித் திரிந்த காலத்திலிருந்தே மனிதர் கூட்டம் கூட்டமாக ஒருவரையொருவர் கொன்றார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்கள். மற்றப் பக்கத்தில், அப்போது இருந்தது தனியாள் சண்டையும் பழிவாங்கலும் மட்டுமே, ஓரிடத்தில் குடியிருந்து, தானியம் சேர்த்து, நிலத்துக்கு எல்லை போட்ட பிறகுதான் போர் வந்தது என்று சொல்பவர்கள். "வேலி போட்டாப் பிறகு" என்று சொன்னதும் வகுப்பு சிரிக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வேலிச் சண்டையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கத்தாரும் அதே எலும்புகளைத்தான் சாட்சிக்குக் கொண்டுவருவார்கள். "நீங்கள் எந்தப் பக்கம் மிஸ்?" என்று யாராவது கேட்டால் பலகையை அழித்துவிட்டு மற்றப் பாடத்துக்குப் போய்விடுவேன்.

எலும்புதான் என் வேலை. எனக்கு அதைப் பழக்கியவர் ஒரு பேராசிரியர். பெயர் வேண்டாம், தன்னைப் பற்றி யாரும் எழுதினால் அவருக்குக் கோபம் வரும். பழகத் தொடங்கிய காலத்தில் ஒரு தொடை எலும்பில் வரிசையாகக் கீறல்கள் இருக்கக் கண்டு, "வாள் வெட்டு" என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "பிள்ளை, எலி எப்ப வாள் பிடிக்கப் பழகினது?" என்று கேட்டார். கீறல்கள் எல்லாம் எலி கறண்டியவை. நான் வெட்கப்பட்டு நிற்க, "எலும்பு பொய் சொல்லாது எண்டு ஆக்கள் சொல்லுவினம். நம்பாதையும். எலும்பு ஒண்டும் சொல்லுறதில்லை. கதைக்கிறது முழுக்க நாங்கள்தான்" என்றார். அன்றைக்கு அதைப் பகிடி என்று நினைத்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி, ஒரு காலையில் சட்ட வைத்திய டொக்ரர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கீரிமலைப் பக்கத்தில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, போர்க்காலத்தில் இராணுவம் பிடித்ததால் நெடுங்காலம் ஆட்கள் போக முடியாமல் கிடந்து பிறகு விடப்பட்ட காணிகள் இருக்கின்றன. அப்படியொரு காணிக்குத் திரும்பி வந்தவர் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். கக்கூசுக் குழி வெட்டிய பெக்கோ இயந்திரம் எலும்புகளை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. பொலிஸ் வந்து வேலையை நிறுத்த, நீதிமன்றம் டொக்ரரை அனுப்பியிருந்தது.

"ஒரு சட்டியும் கிடக்கு மிஸ்," என்றார் டொக்ரர். "பழசு போலைதான் தெரியுது. ஒருக்கா வந்து இது உங்கடை ஆளோ, என்ரை ஆளோ எண்டு சொல்லுங்கோ."

அவருடைய ஆள் என்றால் எங்கள் காலத்தில் செத்தவர். வழக்கு வரும், உறவினர் வருவார்கள். என்னுடைய ஆள் என்றால் ஆயிரம் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவர். பெட்டியில் போட்டு இலக்கம் எழுதி வைத்துவிடலாம். நாங்கள் இருவரும் அப்படிக் கதைத்துப் பழகியிருந்தோம்.

எனக்கு உதவி விரிவுரையாளராக இருந்த செந்தூரனையும் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வயதுக்குக் கிட்டிய பெடியன். கை நல்ல சுத்தம், மூளை நல்ல வேகம். காணியைச் சுற்றிப் பொலிஸ் நாடா கட்டியிருந்தது. உடைந்த வேலிக்கு அப்பால் ஊர்ச்சனம். எலும்பு கிடைத்த இடத்தில் எப்போதும் சனம் சேரும். அதில் பாதிப் பேர் விடுப்புப் பார்க்க, வெறும் வேடிக்கைக்கு வந்தவர்கள். மற்றப் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள் இல்லை என்பதை முகத்தைப் பார்த்தாலே அறியலாம்.

குழிக்குள் இறங்கிப் பார்த்தோம். அடியில் நான்கு பேர், ஒருவர்மேல் ஒருவராக, கைகால் தாறுமாறாகக் கிடந்தார்கள். யாரும் படுக்கவைத்த கிடை இல்லை அது. ஓர் ஆணின் முதுகெலும்பில் துருப்பிடித்த இரும்பு முனையொன்று குத்தி நின்றது. ஒரு பெண்ணின் பின்மண்டை அடிபட்டு உள்ளே இறங்கியிருந்தது. இன்னோர் ஆணிலும் ஒரு சின்னப்பிள்ளையிலும் காயம் எதுவும் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே ஒரு சின்னச் சட்டி, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக, சரியாமல் நிமிர்ந்து இருந்தது. அந்த வகைச் சட்டியை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். இந்த நால்வரும் என்னுடைய ஆட்கள்.

கரைச்சல் ஐந்தாவது ஆளில்தான். அவர் எல்லாருக்கும் மேலே கிடந்திருக்கிறார். பெக்கோவின் வாளி அவரில்தான் விழுந்திருந்தது. தலை நொறுங்கி, தாடை எங்கோ போய், உடம்பில் பாதி மண்குவியலுக்குள். மிச்சம் குழியின் விளிம்பில் சரிந்து தொங்கியது. அவர் மற்ற நால்வரோடு சேர்ந்து கிடந்தவரா, அல்லது பிற்காலத்தில் அதே இடத்தில் யாரோ வெட்டிப் புதைத்தவரா என்று சொல்ல ஒரு வழியும் இல்லாமல் இயந்திரம் மண்ணைக் குழப்பிவிட்டிருந்தது.

நான் சட்டியை வரைந்துகொண்டிருந்தேன். செந்தூரன் விளிம்பில் தொங்கிய எலும்புகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "மிஸ்! இடது கை முறிஞ்சு பொருந்தியிருக்கு! முன்னங்கை!" என்று கத்தினான். அவன் குரலில் சந்தோஷம். கோபிக்க முடியாது, எங்கள் தொழிலில் அப்படியொன்று கிடைத்தால் யாருக்கும் குரல் எழும்பும். முன்னங்கையில் சின்னவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருந்தால், ஓங்கி வந்த அடியைக் கையால் தடுத்த முறிவாக இருக்கலாம். பழைய சண்டைகளைத் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆனால் வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் அது கேட்டது.

ஒரு பெண் நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பொலிஸ்காரர் மறிக்க முதலே குழியின் விளிம்புக்கு வந்துவிட்டார். ஐம்பது வயது மதிக்கலாம். வெயிலில் வேலை செய்து கறுத்த கைகள்.

"எந்தக் கை எண்டு சொன்னனீங்கள் தம்பி?"

செந்தூரன் என்னைப் பார்த்தான்.

"இடது கை எண்டுதானே சொன்னது?" அவர் தன் இடது முன்னங்கையின் நடுவில் விரல் வைத்துக் காட்டினார். "இதிலையோ?"

அவர் தொட்ட இடம் சரியாக அதே இடம்.

அவருடைய பெயர் புவனேஸ்வரி. மருதனார்மடத்துக்குக் கிட்ட வெங்காயமும் மரக்கறியும் செய்கிற குடும்பம். தம்பி பல வருடங்களுக்கு முந்திச் சைக்கிளில் சந்தைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. சின்ன வயதில் மாமரத்தால் விழுந்து, கிணற்றுக்கட்டில் அடிபட்டு, இடது கை முறிந்து பரியாரியிடம் கட்டுப் போட்டவன். எங்கே எலும்பு எடுத்தாலும் இவர் பஸ் ஏறிப் போய்விடுவார். இதுவரை போன இடங்களில் யாரும் கையைப் பற்றிச் சொன்னதில்லை.

"அக்கா, இது அடியைத் தடுக்கேக்கை முறிஞ்ச கை," என்று செந்தூரன் மெதுவாகச் சொன்னான். "அந்தக் காலத்துச் சண்டையிலை முறிஞ்சிருக்கும்."

"அவன் மாமரத்தாலை விழுந்தவன் தம்பி," என்றார் புவனேஸ்வரி. "சண்டைக்குப் போகேல்லை. நானும் மரத்தடியிலை நிண்டனான்."

ஒரே எலும்பு. ஒருவருக்கு அது போர். மற்றவருக்கு அது தம்பி. நான் இரண்டுக்கும் நடுவில் பென்சிலோடு நின்றேன். கிணற்றுக்கட்டின் விளிம்பில் நேராக விழுந்தாலும் அந்த எலும்பு அப்படித்தான் முறியும்.

"ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ. இது அவனோ?"

"எனக்குத் தெரியாது அம்மா," என்றேன்.

"இவ்வளவு படிச்ச நீங்களும் தெரியாது எண்டா, நான் பிறகு ஆரைப் போய்க் கேக்கிறது?"

பொலிஸ்காரர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்ரர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "மிஸ், சட்டி இருக்கு, இரும்பு முனை இருக்கு. அஞ்சு பேரும் உங்கடை ஆக்கள் எண்டு எழுதித் தாங்கோவன்."

"நாலு பேர் என்ரை ஆக்கள். மேலை கிடக்கிறவரை எனக்குத் தெரியாது."

"தொண்ணூறு வீதம் பழசுதான்."

"மிச்சப் பத்து வீதத்திலை அந்த மனிசி நிக்கிறா, டொக்ரர்."

அவர் நல்ல மனிதர். தன் வேலை முடியவேண்டும் என்பதற்காக மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. "அதுக்குத்தான் சொல்லுறன்," என்றார். "சந்தேகத்தோடை விட்டா அந்த மனிசி நித்திரை கொள்ளுமோ? இல்லையெண்டு சொல்லி அனுப்பினா அழுதிட்டெண்டாலும் வீட்டை போகும். அதுதானே இரக்கம்?"

அவர் சொன்னது பிழை என்று எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை. சரியென்றும் தோன்றவில்லை. இல்லையென்று தெரிந்தால்தான் இல்லையென்று சொல்லலாம் என்பது என் தொழில். ஆனால் அந்தப் பெண் வேலிக்கு வெளியே பூவரசின் கீழ் குந்தியிருந்ததைப் பார்க்கப் பார்க்க, என் தொழில் நியாயமா, என் பிடிவாதமா என்று எனக்கே விளங்கவில்லை. கடைசியில் டொக்ரரிடம், "மண்குவியல் முழுக்க அரிச்சு முடிய விடுங்கோ. தாடை கிடைச்சாப் பல்லைப் பாத்துச் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று பின்னேரம் செந்தூரனிடம், "குழிக்குள்ளை நிண்டு கத்தாதையும்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். எங்கடை காணிகளில் வேலிக்கு அப்பால் எப்போதும் ஒருவர் காது கொடுத்துக்கொண்டு நிற்பார்.

அடுத்தடுத்த நாட்கள் மண்ணை அரித்தோம். புவனேஸ்வரி ஒவ்வொரு நாளும் காலமை பஸ்ஸில் வந்து பூவரசடியில் இருந்தார். காணிக்காரர் அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அந்த மனிதர் என்னிடமும் வந்து, "என்ரை வளவுக்குள்ளை செத்தது ஆர் எண்டு எனக்கும் தெரியவேணும்தானே மிஸ்," என்றார். "பழைய ஆக்கள் எண்டா ஒரு படையலைப் போட்டிட்டு இருக்கலாம். இப்பத்தையான் ஆக்கள் எண்டா என்னெண்டு இதிலை இருக்கிறது?" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்தேன். வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கும் பட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

தாடையைக் கண்டுபிடித்தது செந்தூரன். இந்த முறை சத்தம் போடவில்லை. வந்து என் உள்ளங்கையில் வைத்தான். பற்கள் எல்லாம் தேய்ந்து சப்பட்டையாகியிருந்தன. மண்ணும் கல்லும் கலந்த தானியத்தைச் சின்ன வயதிலிருந்தே சப்பித் தின்றவரின் வாய். இந்தக் காலத்து இளம் வாய் எதுவும் அப்படித் தேயாது. நொறுங்கிய மண்டைத் துண்டுகளைச் சேர்த்துத் தாடையைப் பொருத்திப் பார்த்தோம். பொருந்தியது. கழுத்தெலும்புகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தோம், முறிந்த கையும் அதே உடம்புதான். டொக்ரர் வந்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "உங்கடை ஆள்" என்றார். பிறகு வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து வந்த முடிவும் அதையே சொன்னது.

பூவரசடிக்கு நானே போனேன்.

"தம்பி இல்லை அம்மா. இது கனகாலத்துக்கு முந்தின ஆள்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். வடிவாப் பாத்தனாங்கள்."

சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழும்பினார். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் காணிக்காரரின் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு, ஒழுங்கையால் நடந்தார். அவருக்கு ஆறுதலா, ஏமாற்றமா என்று நடையிலிருந்து எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் செந்தூரனுக்கும் இழுபறி. அறிக்கை எழுத வேண்டும். அவன் எழுதிக்கொண்டு வந்த தலைப்பில் "போர்" என்ற சொல் இருந்தது. நான் அதை வெட்டிவிட்டு "வன்முறையின் தடயங்கள்" என்று எழுதினேன்.

"மிஸ், அஞ்சு பேரை ஒரு குழிக்குள்ளை எறிஞ்சிருக்கு. ஒராளுக்கு ஈட்டி, ஒராளுக்கு மண்டையிலை அடி. இன்னொரு ஊரார் வந்து அடிச்சிட்டுப் போயிருக்கினம். தப்பின சொந்தக்காரர் திரும்பி வந்து பிள்ளைக்குச் சட்டி வைச்சிருக்கினம். இது போர் இல்லையெண்டா வேறை எது?"

"அதே ஊருக்குள்ளை ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பம் கொண்டிருந்தா? மூண்டு பேர் என்னத்தாலை செத்தவை எண்டே தெரியாது. சட்டியைச் சொந்தக்காரர்தான் வைச்சவை எண்டு ஆர் உமக்குச் சொன்னது? அடிச்சவனே மனசு கேளாமல் வைச்சிருக்கலாம்."

"அடிச்சவனோ?" என்று செந்தூரன் கேட்டான். அந்த யோசனை அவனைக் கோபப்படுத்தியது. எனக்கும் அது பிடிக்கவில்லை. இருந்தாலும் அதைத் தள்ளிவிட ஒரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கன நாள் இப்படியே போனது. ஒருநாள் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது கேட்டேன். "உமக்கேன் அந்தச் சொல் இவ்வளவு வேணும்?"

அவன் குழந்தையாக இருந்தபோது, இடம்பெயர்ந்து போன வழியில் தகப்பன் செத்துப்போனார் என்பது எனக்குத் தெரியும். அவன் அதைக் கதைப்பதில்லை.

"ஆதியிலையிருந்தே இது இருக்கெண்டா, எங்கடை ஆக்கள் ஒண்டும் விசேஷமாப் பிழை செய்யேல்லை எண்டுதானே மிஸ் அர்த்தம்," என்றான். "மனிசர் எண்டா இப்பிடித்தான் எண்டு விட்டிட்டுப் போகலாம். நடுவிலை ஒருநாள் தொடங்கினது எண்டா, தொடங்காமலும் இருந்திருக்கலாம். அப்ப அப்பா சும்மா செத்தவர்."

கரும்பலகையில் நான் இத்தனை காலமும் போட்ட கோட்டில் ஒருவருடைய தகப்பன் நிற்கக்கூடும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தலைப்பை மாற்றி எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அது டொக்ரர் சொன்ன இரக்கம் போலத்தான் இருந்தது. கடைசியில் "வன்முறையின் தடயங்கள்" என்றே கையெழுத்துப் போட்டேன். அவனும் போட்டான். முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்கும் சந்தோஷம் இல்லை.

ஆடி மாதம் பிறந்த கையோடு மருதனார்மடம் சந்தையில் புவனேஸ்வரியைக் கண்டேன். வெங்காயப் பிடிகளை அடுக்கிவைத்துக்கொண்டு இருந்தார். நான் விலகிப் போகப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

"ரீச்சர், நில்லுங்கோ. ஒரு கதை கேக்கவேணும். அந்தப் பெடியனுக்கு என்ன வயசிருக்கும்?"

எந்தப் பெடியன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "இருபது, இருபத்தைஞ்சு."

"கை நேராத்தானே பொருந்தியிருந்தது?"

"ஓம். நல்ல நேர்."

"அப்ப ஆரோ பக்கத்திலையிருந்து கட்டுப் போட்டுப் பாத்திருக்கினம்." ஒரு வெங்காயப் பிடியை நேராக்கி வைத்தார். "அவையள் ஏன் சண்டை பிடிச்சவை ரீச்சர்?"

"சண்டைதானோ எண்டே சரியாத் தெரியாது அம்மா."

"எண்டாலும் ஆரோ ஒருத்தன் முதல் கையை ஓங்கியிருப்பான்தானே? அவனைக் கண்டுபிடிக்கத்தானே நீங்கள் படிக்கிறியள்?"

செந்தூரனுக்குத் தொடக்கம் இருக்கக்கூடாது. இவருக்குத் தொடக்கம் கட்டாயம் இருக்கவேண்டும். அதில் ஓர் ஆள் நிற்கவேண்டும். நான் மனதுக்குள் என் கரும்பலகையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். இவருக்குக் கொடுக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. "அதை ஒருத்தராலையும் கண்டுபிடிக்கேலாது" என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு குரலைத் தணித்து, ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் அந்தப் பெடியனுக்குப் பிதிர்க்கடன் செய்விக்க ஏலுமா என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தம்பிக்கா என்று கேட்டுவிட்டேன்.

முகம் மாறியது. "தம்பிக்கு ஏன்? அவன் எங்கையோ இருக்கிறான். இருக்கிறவனுக்குச் செய்யிறதே? நான் உந்தப் பெடியனுக்குக் கேக்கிறன். அவனுக்கு ஒருத்தரும் இல்லையே."

நான் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். இது கூடுமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது. செந்தூரனிடம் சொன்னேன். மறுப்பான் என்று நினைத்தேன். "நான் எப்பிடியும் அப்பாவுக்குச் செய்யப் போறன்தானே மிஸ். அதோடை சேர்த்துச் செய்யலாம்," என்றான்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் கால் வைக்க இடமில்லை. கேணிக்குள் ஆண்கள் முழுகிக்கொண்டிருந்தார்கள். கடற்கரை நீளத்துக்கு ஐயர்மார் தர்ப்பையும் எள்ளுமாக இருந்தார்கள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். புவனேஸ்வரி ஐயருக்குக் கொடுக்க ஒரு பையில் அரிசியும் மரக்கறியும் கொண்டுவந்திருந்தார். செந்தூரன் ஈர வேட்டியோடு இருந்து தகப்பனுக்குச் செய்து முடித்தான்.

"இன்னுமொராளுக்குச் செய்யவேணும் ஐயா," என்றான்.

"பேர்?"

"தெரியாது."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "கோத்திரம்?"

"அதுவும் தெரியாது."

"தெரியாட்டில் சிவகோத்திரம் எண்டு சொல்லும். உமக்கு என்ன முறை?"

செந்தூரன் திரும்பி என்னைப் பார்த்தான். எங்கள் களஞ்சிய அறையில் அந்த ஆளுக்கு ஓர் இலக்கம் இருந்தது. முறை எதுவும் இருக்கவில்லை.

"எனக்குத் தம்பி முறை ஐயா," என்றார் புவனேஸ்வரி, பின்னாலிருந்து.

ஐயர் தலையாட்டினார். "எப்பிடிக் காலமானவர்?"

நான் செந்தூரனைப் பார்த்தேன். "போர்" என்ற சொல்லுக்காக எத்தனை நாள் என்னோடு வாதாடியவன். இப்போது கேட்பது ஐயர், நான் குறுக்கே நிற்க முடியாது. அவன் வாயைத் திறந்தான். மூடினான். "தெரியாது ஐயா," என்றான்.

"ஆரோ அடிச்சவங்கள்," என்றார் புவனேஸ்வரி.

அது எங்களுக்குத் தெரியாது. அந்த ஆளின் மண்டையை உடைத்தது பெக்கோ. அதற்கு முந்தி அதில் அடி விழுந்திருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சலில் செத்தவனாகக்கூட இருக்கலாம். குழியடியில் புவனேஸ்வரிக்கு முன்னாலேயே தெரியாது என்று சொன்னவள் நான். இங்கே திருத்தவில்லை. எங்களுக்குப் பின்னால் சனம் காத்துக்கொண்டு நின்றது. ஐயர் மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் செந்தூரனின் கையில் எள்ளையும் தண்ணீரையும் வார்த்தார்.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது செந்தூரன் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "அக்கா சொன்னதுக்கு ஆதாரம் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும். ஏன் மிஸ் பேசாமல் நிண்டனீங்கள்?"

இரக்கம் என்று சொல்லலாம். சனம், அவசரம் என்று சொல்லலாம். எதுவும் உண்மையாகப் படவில்லை. "தெரியேல்லை" என்றேன். இன்றைக்கும் அதுதான் மறுமொழி. நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்திருக்கவேண்டும் என்று சொல்லித்தரவும் எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் ஓர் இருக்கைதான் கிடைத்தது. புவனேஸ்வரியை அதில் இருத்திவிட்டு நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெறும் பையை மடித்து மடியில் வைத்திருந்தவர், கொஞ்சத் தூரம் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குழிக்குள்ளை வேறையும் ஆக்கள் கிடந்தவையெல்லோ தம்பி?"

"ஓம் அக்கா. இன்னும் நாலு பேர்."

"அவைக்கு ஆர் செய்யிறது?"

செந்தூரன் என்னைப் பார்த்தான்.

"ஒருத்தருமில்லை," என்றான்.

அவர் மடியில் இருந்த பையைப் பிரித்து, திரும்ப மடித்தார்.

"வாற வருஷம் அரிசி கூடக் கொண்டுவாறன்," என்றார்.